தான்சானியாவுக்குச் சுட்ட வாழைக்காய் பஜ்ஜி

எங்கள் தெருவில் ஏழு கல்யாணம் என் வாயால் முடிந்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அறுபத்தாறு வயதில் வேறு எதைச் சொல்லிக்கொள்வது?) வல்லம் வடகாலில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், "அஞ்சலய கூப்டுங்க, அவ பேசட்டும்" என்பார்கள். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இப்படி எழுத்துக் கூட்டி எழுதவும் செய்வேன். ஆனால் பெண் வீட்டுப் பக்கம் பாயில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால், மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்காமல் எழுந்ததில்லை.

எட்டாவதாக ஒரு காரியம் என் வாய்க்கு வந்தது. அது கல்யாணம் இல்லை. அதைக் கவனிக்காமல் போனதுதான் நான் செய்த பிழை.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வயதைக் கேட்டால் மூன்று குறைத்துச் சொல்ல வேண்டும். (இரண்டு குறைத்தால் போதாது, அவர்களே மனசுக்குள் இரண்டு கூட்டிக்கொள்வார்கள்.) வெளியே போவாளா என்றால், வாசலைத் தாண்ட மாட்டாள். எதிர்த்துப் பேசுவாளா என்றால், அவள் குரலை நாங்களே கேட்டதில்லை. கம்பெனி வேலைக்குப் போகிறாளா என்றால், ஐயையோ, வீட்டில்தான் இருக்கிறாள்.

இந்தக் கடைசிப் பொய்யை நான் மற்றவர்களுக்காகப் பழகவில்லை. என் மகள் மலர்விழிக்காகப் பழகினேன்.

இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் பெற்ற பெண் அவள். அவளுக்குப் பிறகு சேகர். அவர்களுடைய அப்பா, சேகர் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மலர் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தாள். ஐந்து வருஷம் லைனில் நின்றாள், அதில் பாதி நைட் ஷிப்ட். நின்றுகொண்டே எம்.ஏ.வையும் தபாலில் முடித்தாள். வரிசையாக மூன்று இடம் வந்தது. மூன்றும், நான் வாயைத் திறப்பதற்குள், நைட் ஷிப்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது. அதற்கப்புறம் நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: கம்பெனி பஸ்ஸை விட்டு மெயின் ரோட்டிலேயே இறங்கு, நீலக் கோட்டைக் கழற்றிப் பையில் வை, கழுத்தில் தொங்குகிற அட்டையையும் உள்ளே போடு. அவளும் போட்டாள். மூன்று வருஷம் தினமும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய கம்பெனி கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆப்பிரிக்க ஆய்வு மையம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆப்பிரிக்க வரலாறும் ஸ்வாஹிலி என்ற பாஷையும் சொல்லிக்கொடுப்பார்களாம். போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஆப்பிரிக்காவ பத்தி தெரிஞ்சிகினு நீ இன்னாடி பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"நாங்க கட்டற ஒயரு எங்க போவுதுன்னு ஒனக்குத் தெரியுமாம்மா? அந்த வண்டிங்க அங்கயும்தான் ஓடுது. அங்க கம்பெனில பொண்ணுங்க எப்டி நிக்கறாங்க, எத்தினி மணி நேரம் நிக்கறாங்கன்னு பாக்க வேணாமா?"

"நீ நிக்கறதயே யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் மறச்சிகினு கீறேன்."

அவள் சிரித்தாள். அந்த ஊரில் சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்ததும் 'ஷிக்கமோ' என்று வணக்கம் வைப்பார்களாம். பெரியவர்கள் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வார்களாம். அன்றிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "ஷிக்கமோ" என்பாள். நான் மாவு கரைத்தபடியே "மராஹபா" என்பேன். பக்கத்து வீட்டுப் பட்டம்மா, "அம்மாவும் பொண்ணும் இன்னா சங்கேதம்டி பேசிக்கறீங்க?" என்று பொறாமைப்படுவாள். எனக்கு அது பிடிக்கும்.

ஒரு நாள் மலர் ஒரு காகிதத்தோடு வந்தாள். தான்சானியாவில், தார் எஸ் சலாம் என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்ய இடம் கொடுக்கிறார்களாம். அங்கே கம்பெனிப் பெண்களோடு பேசி எழுத வேண்டும். லைனில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு முதல் உரிமை. இருப்பது ஒரே ஒரு இடம். பரீட்சை எல்லாம் முடிந்து இரண்டு பேர் மிச்சம். அதில் ஒருத்தி என் மகள்.

"கடசியா வூட்டாரோட பேசுவாங்கம்மா. மாசில அங்க ஆப்பிரிக்க கலை விழா நடக்குது. அங்கேர்ந்து ஒரு பேராசிரியர் அம்மா வராங்க. போன தடவ போன பொண்ண நாலாம் மாசமே கல்யாணம்னு சொல்லி வூட்ல கூப்டுகிட்டாங்களாம். அதுக்குத்தான் ஒன்ன பாக்கணும்கிறாங்க. இன்னா கேட்டாலும் உள்ளத சொல்லு. எதையும் சேத்துக்காத. சரியா?"

சரி என்றேன். உண்மையில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: வெளியூரிலிருந்து ஒரு பெரிய அம்மா வருகிறார், வீட்டாரோடு பேச வேண்டும் என்கிறார், நடுவில் கல்யாணம் என்று ஒரு வார்த்தை.

அரக்குப் பட்டுப் புடவை கட்டினேன். ஒரு தூக்கில் கேசரி, பெரிய சம்படத்தில் வாழைக்காய் பஜ்ஜி, மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கு தேங்காய் பழம். துணைக்குப் பட்டம்மா. "இன்னாடி அஞ்சல, பொண்ணு பாக்கறதுக்கா போறோம்?" என்று அவள் கேட்டாள். "அந்த மாதிரிதான்" என்றேன்.

பல்கலைக்கழக மைதானத்தில் பந்தல். கொட்டு அதிர்ந்தது. எங்கெங்கிருந்தோ வந்து அங்கே படிக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளைகள் வண்ண வண்ணத் துணி உடுத்தி ஆடினார்கள். ஒரு பக்கம் இரண்டு பெண்கள் காபிக் கொட்டையை அங்கேயே வறுத்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் பிலாவ் என்று ஒரு சோறு. நம் குஸ்காவுக்குத் தங்கச்சி மாதிரி. (உப்பு கம்மி. சொல்லியும்விட்டேன்.) சில பிள்ளைகள் என்னைப் பார்த்து "ஷிக்கமோ" என்றார்கள். நான் "மராஹபா" என்றதும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பட்டம்மா வாயைப் பிளந்தாள்.

மலர் ஆடப் போகிற கூட்டத்தில் நின்றாள். இடுப்பில் கறுப்பும் சிவப்புமாகப் பூப்போட்ட ஒரு துணி. "நான் ஆடி முடிச்சிட்டு வரேம்மா. அவங்க வந்தா உக்கார வச்சிப் பேசிகினு இரு. அந்த போர்டு பக்கத்துலயே இரு, அது நான் செஞ்சது" என்று கையைக் காட்டிவிட்டு ஓடினாள்.

போர்டைப் பார்த்தேன். நட்ட நடுவில், ஆள் உயரத்துக்கு, நீலக் கோட்டும் தொப்பியும் கழுத்து அட்டையுமாக என் மகள் நிற்கிறாள். கையில் ஒயர்க் கட்டு. கீழே கொட்டை எழுத்து. கூட்டிப் படித்தேன். இ-ர-வு. ஷி-ப்-டி-ல். ஐந்து ஆண்டுகள்.

மூன்று வருஷமாக நான் பையில் வைத்து மறைத்ததை, இவள் பந்தலுக்கு நடுவில் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாள்.

"பட்டம்மா, அந்தப் பைய இதும்மேல மாட்டு."

மஞ்சள் பை முகத்தை மறைத்தது. எழுத்தை மறைக்கவில்லை. "நீ இங்க நில்லு" என்று பட்டம்மாவையே அதற்கு முன்னால் நிறுத்தினேன். பட்டம்மா நல்ல அகலம். ஐந்து வருஷமும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பேராசிரியர் அம்மா வந்தார். பெயர் ரெஹேமா. என் வயது இருக்கும். நெட்டையான உருவம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. பேச்சை மொழிபெயர்க்க பிரபு சார் என்ற இளம் ஆசிரியர் கூடவே வந்தார். நான் எழுந்து கும்பிட்டேன். முதலில் பஜ்ஜியைக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். எனக்கு அப்போதே தெம்பு வந்துவிட்டது. கை நனைத்துவிட்டால் காரியம் பழம் என்பது என் அனுபவம்.

"மலர்விழிக்கு என்ன வயசுன்னு கேக்கறாங்கம்மா. சும்மா பேச்சு ஆரம்பிக்கறதுக்கு" என்றார் பிரபு சார்.

"இருபத்திநாலு."

பிரபு சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருபத்தேழுன்னு போட்டிருக்கே?"

"ஸ்கூல்ல சேக்கசொல்ல அவங்க அப்பா கூட்டிப் போட்டுட்டாரு சார்." (செத்தவர் மீது போட்டால் யார் போய் விசாரிப்பார்கள்?)

"அஞ்சு வருஷமா கம்பெனியில வேலை செய்யறதப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேக்கறாங்க."

"யாரு சார் சொன்னது? கம்பெனி வாசப்படியக்கூட மிதிச்சதில்ல. வூட்டோடதான் கீது புள்ள."

பட்டம்மா பின்னாலிருந்து, "தங்கமான பொண்ணு சார்" என்றாள். அசையாமல் நின்றபடி சொன்னாள், கெட்டிக்காரி.

"தனியா எங்கயாவது போய் வந்து பழக்கம் உண்டா?"

"வாலாஜாபாத்துக்குக்கூட தனியா அனுப்பனது கெடையாது சார்."

"ஒருத்தர் சொல்றது தப்புன்னு பட்டா, எதிர்த்துக் கேப்பாங்களா?"

"சேச்சே. வாயே தொறக்காது."

பிரபு சார் ஒவ்வொன்றையும் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ரெஹேமா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை.

"இரண்டு வருஷத்துக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமா?"

"அதெல்லாம் ஆம்பளைங்கள கலந்துகினுதான் சார் சொல்லணும்."

(எங்கள் வீட்டில் ஆம்பளை என்றால் சேகர். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் எந்தச் சட்டை போட வேண்டும் என்பதையே நான்தான் சொல்வேன்.)

"கடைசியா ஒண்ணு. உங்க மகளுக்கு என்ன கிடைக்கணும்னு ஆசைப்படறீங்க?"

"நல்ல எடமா பாத்து கட்டிக் குடுத்துட்டா போதும் சார்."

ரெஹேமா அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். முடிந்தது, எட்டாவது காரியமும் முடிந்தது என்று பட்டம்மாவுக்குக் கண் காட்டினேன்.

கொட்டு ஓய்ந்தது. மலர் வியர்வை வழிய, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். பிரபு சார் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் வந்தாள்.

"அம்மா. இன்னா சொன்ன நீ?"

நான் வரிசையாக ஒப்பித்தேன். பெருமையோடுதான் ஒப்பித்தேன். வாலாஜாபாத் வரும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பட்டம்மாத்த, கொஞ்சம் நவுரு" என்றாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். படத்தில் நீலக் கோட்டோடு நின்றவளும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

கைப்பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக்கொண்டு ரெஹேமா அம்மாவிடம் போனாள். கொஞ்சம் ஸ்வாஹிலி, கொஞ்சம் இங்கிலீஷ். நானும் பின்னாலேயே ஓடினேன். "சார், நான் சொன்னது பொய்னு சொல்லுங்க சார். பொண்ணு நைட் ஷிப்ட் போவுது. தனியா மெட்ராஸே போய் வரும். சூப்ரவைசர் கிட்டயே சண்ட போட்டவ சார் இவ."

ரெஹேமா அம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டார். பிரபு சார் தமிழில் சொன்னார்: "எதும்மா பொய்? முன்ன சொன்னதா, இப்ப சொல்றதா?"

நான் பட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பஜ்ஜிச் சம்படத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த அம்மா மலரிடம் சொன்னதையும் பிரபு சார் எனக்குச் சொன்னார். "உன் பேப்பரை நம்பறேன். உன்னையும் நம்பறேன். ஆனா உன்னைப் பெத்தவங்க இவ்வளவு நேரம் உக்காந்து, நீ செஞ்ச எல்லாத்தையும் இல்லைன்னு சொன்னாங்க. அந்த வீட்டுலருந்து நாலாம் மாசம் போன் வராதுன்னு நான் எப்படி நம்பறது?"

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மலர் ஜன்னலோரம். பட்டம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "பஜ்ஜிய மட்டும் நல்லா சாப்டாங்கடி" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சம் கீதா?" என்று மலர் கேட்டாள். ஆறிப்போன பஜ்ஜியைக் கொடுத்தேன். வெளியே கம்பெனிக் காம்பவுண்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கம்மிம்மா" என்றாள்.

பங்குனியில் கடிதம் வந்தது. இடம் மற்றவளுக்கு.

அதற்கப்புறம் மலர் என்னிடம் சண்டை போடவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும்போது "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே சொல்கிறார்கள். நான் மட்டும் மாவுக் கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஐப்பசியில் அதே இடத்துக்கு மறுபடியும் அறிவிப்பு வந்தது. சேகர் போனில் பார்த்துச் சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பஜ்ஜி சுடவில்லை, பட்டு கட்டவில்லை, பட்டம்மாவையும் கூப்பிடவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் எதிரே நின்று, இந்தத் தடவை ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அஞ்சு வருஷத்துக்கு மேல லைன்ல நிக்குதும்மா. நைட் ஷிப்ட்தாம்மா. தனியாப் போவும். எதிர்த்துக் கேக்கும், என்னையே கேக்கும். நான் அனுப்பறேன், ரெண்டு வருஷம் இல்ல, எத்தினி வருஷம்னாலும் கூப்ட மாட்டேன், கைநாட்டுன்னா கைநாட்டு, கையெழுத்துன்னா கையெழுத்து.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "வயசு எத்தனைம்மா ஆவுது?" என்றாள்.

"இருபத்தெட்டு முடிஞ்சி ரெண்டு மாசம்."

அவள் காகிதத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். கூட்டிப் படித்தேன். விண்ணப்பிக்கும்போது இருபத்தெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது.

பொய் சொல்லி ஒரு தடவை கெடுத்தேன். உண்மை சொல்ல வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று வயதை வாயால் குறைத்தவளுக்கு, காகிதத்தில் இரண்டு மாசத்தைக் குறைக்க வழி தெரியவில்லை.

நான் போய் வந்ததை அந்த ஆபீஸ் பெண்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மலரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "ஷிக்கமோ" என்றாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். இப்போதெல்லாம் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அட்டை வெளியே தொங்கத்தான் தெருவில் நடக்கிறாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஊரில் எல்லோரும் இதை, ஒன்றும் தெரியாத பொம்பளை, பெண் பார்க்க வந்ததாக நினைத்துப் பேசிவிட்டாள் என்றுதான் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். வயது, வாலாஜாபாத், வாசப்படி இதெல்லாம் பழகின வாய் தானாகப் பேசியது, அது நிஜம். ஆனால் அனுப்பச் சம்மதமா என்று கேட்டார்களே, அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. இவள் போய்விட்டால் காலையில் வாசலில் யார் நிற்பார்கள் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் ஆம்பளைங்களைக் கேட்க வேண்டும் என்றேன். இதை மலர்தான் நல்ல காகிதத்தில் திருப்பி எழுதப்போகிறாள். படிக்கட்டும்.

மூன்று வருஷம் ஆகப் போகிறது. மலர் இன்னும் அதே கம்பெனிதான். கலை விழா வந்தால், வருகிறவர்களுக்குப் பந்தலைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. என் கதையைத் தமிழிலும் ஸ்வாஹிலியிலும் சொல்லிச் சிரிக்க வைப்பாள். எனக்கு பஜ்ஜி ஆர்டர் கொடுக்கிறார்கள். வீட்டில் சேகரும், புதிதாக வந்த மருமகளும், எதற்கெடுத்தாலும் "அம்மா கணக்கா, நெஜக் கணக்கா?" என்பார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்றாலும் அதே கேள்விதான்.

போன ஆவணியில் மலருக்கு முப்பது முடிந்தது. சேகர் கேக் வாங்கி வந்தான். எத்தனை மெழுகுவர்த்தி வைக்க என்று மருமகள் கேட்டாள்.

"அம்மா கணக்குப்படி எனக்கு இருபத்தேழுதான்" என்றாள் மலர். "இன்னும் ஒரு வருஷம் டைம் கீது. அப்ளை பண்ணலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

வருகிற ஆவணியில் என் கணக்குப்படியும் அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது. அதற்கப்புறம் இந்த வீட்டில் எதைச் சொல்லிச் சிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.